தரையில் நின்று கையாட்டுகிறவன்

சான் எலோயி,
திங்கட்கிழமை மதியம்.

என் மேல் உயிரையே வைத்திருக்கும் எர்மினியா அக்காவுக்கு,

தம்பி காசிமிரோ வணங்கி எழுதிக்கொண்டது. மாதாவின் கிருபையால் நான் இங்கே நலமாகவும் முழுசாகவும் இருக்கிறேன். நீயும் அத்தானும் மாடு கன்றுகளும் அந்தக் குரைக்கத் தெரியாத நாயும் அங்கே அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "முழுசாக" என்ற வார்த்தையைப் படித்ததுமே உனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அடிக்க வேண்டாம். கை, கால், தலை எல்லாம் நீ சால்ட்டோவில் பஸ் ஏற்றி அனுப்பியபோது எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கேயே இருக்கின்றன. இடது உள்ளங்கையில் மட்டும் கொஞ்சம் கொப்புளம். அதற்கு மாட்டு மடியில் தடவுகிற களிம்பு போட்டிருக்கிறது. ஏன் மாட்டுக் களிம்பு என்று இப்போதே கேட்காதே, வரிசையாக வருகிறேன். என் பழைய சிநேகிதன் நெமேசியோ வீட்டுச் சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்காலி தரையில்தான் இருக்கிறது. அடிக்கடி குனிந்து பார்த்துக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னது ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "வண்டியில போ, வண்டியில வா. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க ஞாயித்துக்கிழமையானா மத்தியானச் சாப்பாட்டுக்கே பறந்துதான் போவாங்க. நீ ஏணியில ஏறினாலே கண்ணு இருட்டிக்கிட்டு விழறவன். ஏறமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாய். நான் தலையை ஆட்டினேன். சத்தியத்துக்குக் கையைத் தூக்க வேண்டும் அல்லவா, என் கை எங்கே காலியாக இருந்தது? கக்கத்தில் ஃபிளாஸ்க், அதே கையில் மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் குழல் வைத்து உறிஞ்சுகிற நம் குடுவை, இன்னொரு கையில் நீ கட்டிக் கொடுத்த பொட்டலம். ஆகவே அது முழுச் சத்தியம் ஆகாது என்று நான் நினைத்துக்கொண்டேன். நெமேசியோவும் அப்படித்தான் நினைக்கிறான். ஆனாலும் பாழாய்ப்போன இந்தப் பழக்கத்தைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அந்த ஃபிளாஸ்க்கினால்தான் வந்தது. இந்தப் பக்கத்துக்காரர்களும் மாத்தே குடிக்கிறார்கள், ஆனால் மனுஷர்கள் மாதிரி ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுக் குடிக்கிறார்கள். உருகுவேக்காரர்கள் நாம்தான் பிறந்ததிலிருந்து கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிகிறோம், தெருவில், பாங்கில், சாவு வீட்டில். இங்கே என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "அதுக்கும் ஒரு சட்டை தைச்சுப் போட்டுடுங்க" என்கிறார்கள். நான் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்வேன்.

அக்கா, இந்த இடத்தில் நீ உட்கார்ந்துகொள்வது நல்லது. நெமேசியோவின் பெண்டாட்டி நெலிதாவுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், டெல்ஃபினா என்று. புருஷன் ஃபெர்மின் காலமாகிவிட்டான். இவள் மாட்டு டாக்டர். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சேறும் சகதியுமாகத்தான் வீட்டுக்குள் வருவாள். நெலிதா தினமும் திட்டுவாள், அவளும் தினமும் அப்படியே வருவாள். நான் ஏதாவது தமாஷாகச் சொன்னால் அவள் உடனே சிரிக்கமாட்டாள். கொஞ்ச நேரம் யோசிப்பாள், எல்லாரும் வேறு பேச்சுக்குப் போன பிறகு தனியாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எப்போது வரும் என்று காத்திருப்பதே எனக்கு இங்கே வேலையாகப் போயிற்று. என் வீட்டுக்காரி எவுலாலியா செத்துப்போனதிலிருந்து நான் ஒரே ஆளுக்குத்தான் மாத்தே ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்கே தெரியும். குடுவை ஒரு சுற்று சுற்றி என்னிடம் திரும்பி வரும் சுகத்தையே மறந்திருந்தேன். சுற்றி வளைப்பானேன், என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வாயா என்று அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். நான் உன்னோடேயே வந்து தங்கிவிட நீ அங்கே பின்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறாய் என்பது ஞாபகம் இருந்தது. இருந்தும் முடிவு பண்ணினேன். ஆனால் எப்போது வாயைத் திறந்தாலும் யாராவது ஒருவன் வாசலில் வந்து "டாக்டரம்மா, கன்னுக்குட்டி திரும்பிக்கிச்சு, வெளிய வரமாட்டேங்குது" என்பான், அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை அவள் நெலிதாவிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் ஒட்டுக்கேட்கவில்லை, ஜன்னல் திறந்திருந்தது, நான் அதன் அடியில் இருந்தேன், அவ்வளவுதான். "ஃபெர்மின் நல்ல மனுஷன்தான், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தரையில நின்னு கையாட்டினான். ஒரு நாள்கூட என்கூட ஏறலை. இன்னொரு தடவை கையாட்டறவன் எனக்கு வேண்டாம்டி" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கு மாடு எப்படியோ அப்படித்தான் விமானமும். இந்த ஊர் கிளப்பில் ஒரு பழைய நாலு சீட்டு விமானம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊர் கிளப்காரர்கள் அடுப்பு மூட்டி விலா எலும்பைச் சுடுவார்கள், மற்ற ஊர்க்காரர்கள் பறந்து வந்து தின்றுவிட்டுப் பறந்து போவார்கள். இதுதான் அவர்களுடைய பறத்தல், வேறு எந்தக் காரியமும் கிடையாது. அந்த ஞாயிறு முறை, ஆற்றோரத்தில் இருக்கிற வேறொரு கிளப்புக்கு. ஓட்டப்போகிறவள் டெல்ஃபினா. நெமேசியோ என்னிடம், "வர்றியா, இல்ல நாயோட வீட்டுல இருக்கியா? நாய் உன்னைவிடத் தைரியம்டா, போன மாசம் வந்துச்சு" என்றான். வருகிறேன் என்று சொன்னேன். சொன்னது நான்தான், அக்கா. என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்த விமானத்தை நீ பார்த்திருந்தால் உன் கோழிக்கூடு எவ்வளவோ உறுதி என்பாய். டெல்ஃபினா அதன் இறக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அது ஆடியது, அவளுக்கு அதில் திருப்தி. பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். கதவு சரியாகச் சாத்துமா என்று கேட்டேன். "சாத்தும். வெய்யில் காலத்துல மட்டும் கொஞ்சம் இழுத்துச் சாத்தணும்" என்றாள். நன்றாக வெய்யில் அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஆளுக்கு எத்தனை கிலோ என்று கேட்டாள், யார் எங்கே உட்காருவது என்று பார்க்க. பொம்பளைகள் எதிரில் எந்த ஆண்பிள்ளை உண்மையைச் சொல்வான்? கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை, முன்னால் ஒருமுறை பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தாள். "காசிமிரோ, நான் சந்தையில காளை மாட்டை நிக்கவச்சுப் பாத்தே எடை சொல்றவ. நீங்க முன்னாடி என் பக்கத்துல உட்காருங்க. பின்னாடி போனீங்கன்னா வால் தரையைக் கூட்டும்" என்றாள். நெமேசியோ சிரித்த சிரிப்பில் காற்றுத்திசை காட்டுகிற பையே திரும்பிவிட்டது. ஆனால் "என் பக்கத்துல" என்று சொன்னாள் அல்லவா, நான் அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உள்ளே உட்கார்ந்தால் முட்டி முகவாயில் இடிக்கிறது. அவளுக்கு எதிரில் இருப்பது போலவே எனக்கு எதிரிலும் ஒரு ஸ்டியரிங். பாதி வெட்டின மாதிரி, இரண்டு கொம்போடு, கொம்பில் ஒரு சிவப்புப் பொத்தான். அவள் ஆட்டினால் இதுவும் ஆடும், அவள் இழுத்தால் இதுவும் தானாக என் வயிற்றை நோக்கி வரும். "எதையும் தொடாதீங்க. பிடிச்சுக்கணும்னு தோணிச்சுன்னா உங்க முட்டியப் பிடிச்சுக்குங்க" என்றாள். என் கக்கத்தில் ஃபிளாஸ்க் இருப்பதை அவள் கவனிக்கவில்லை. அது என் உடம்பில் ஒரு பாகம் என்றுதான் இங்கே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் நெமேசியோவும், மடியில் பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு சாலட்டோடு நெலிதாவும். நாலு பேர் காதிலும் ஒரு கருவி மாட்டினார்கள். இன்ஜின் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பதற்காம். பிறகு அந்தப் புல்தரையில் குலுங்கிக் குலுங்கி ஓடி, ஸ்டியரிங் வந்து என் தொப்பையை லேசாகத் தொட்டு, தரை போய்விட்டது அக்கா. போயே போய்விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு உன் பெயரைத்தான் சொன்னேன், மாதாவின் பெயர் இரண்டாவதாகத்தான் வந்தது.

மேலே போன பிறகு நெமேசியோ, "உருகுவேக்காரன் கூட இருந்தும் தொண்டை காயுது, இது என்ன நியாயம்?" என்றான். உயிர் போகிற நேரத்திலும் மாத்தே கேட்டால் ஊற்றாமல் இருக்க முடியுமா? ஊற்றினேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வெந்நீர் விளிம்பு வரை வந்து போனது. குடுவை நெமேசியோவிடம் போனது, நெலிதாவிடம் போனது, டெல்ஃபினாவிடம் போனது, அவள் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே உறிஞ்சினாள், என்னிடம் திரும்பி வந்தது. அப்போது தெரியாத்தனமாக ஒரு தடவை கீழே பார்த்துவிட்டேன். மயக்கம் வரவில்லை, ஏன் என்று தெரியவில்லை. ஆறு மினுங்கிக்கொண்டிருந்தது, அதற்கு அந்தப் பக்கம் நம் ஊர்க்கரை. இரண்டு கரையும் ஒரே பச்சையாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, பயத்தினால் மட்டும் இல்லை. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமாட்டேன் என்று பட்டது. இங்கே கன்றுக்குட்டியோடு யாரும் வந்து கதவைத் தட்ட முடியாது. ஃபிளாஸ்க்கை மடியில் நிமிர்த்தி வைத்தேன், அது ஸ்டியரிங் கொம்பின் மேல் சாய்ந்து நின்றது. சாயட்டும் என்று விட்டுவிட்டேன்.

"டெல்ஃபினா, எனக்கு வயசாயிடுச்சு. ரயில்வேல டிக்கெட் கிழிச்சவன். ஏணியில ஏறினா விழுவேன். குறட்டை விடுவேன். ஆனா நல்லா மாத்தே ஊத்துவேன், இப்ப நீங்களே குடிச்சீங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களா?" என்று கேட்டேன். காதுக்கருவியில் பின்னாலிருந்து நெலிதா "ஐயோ மாதாவே" என்றாள். அவர்களுக்கும் கேட்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். டெல்ஃபினா வழக்கம்போல யோசித்தாள். கிளப் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் யோசித்தாள். பிறகு, "பதில் சொல்றேன். முதல்ல இறங்கிக்கறேன்" என்றாள்.

இறங்க ஆரம்பித்தோம். தரை பெரிசாகிக்கொண்டே வந்தது. அவள் ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்தாள். அது வரவில்லை. "என்ன இது, வரமாட்டேங்குது" என்றாள். நான் பதில் வரப்போகிறது என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு நேராகப் புல்லைப் பார்த்துப் போகிறது. அந்தப் புல்லில் மாடுகள். ஏழெட்டு மாடு நட்டநடுவில் நின்று அசைபோட்டுக்கொண்டு எங்களைப் பார்க்கின்றன. "ரேடியோவுல சொல்லக்கூடாதா இவனுங்க" என்று பல்லைக் கடித்தாள். அப்புறம் என் மடியைப் பார்த்தாள். "காசிமிரோ, உங்க வயித்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல என்ன?" "ஃபிளாஸ்க்." "எடுங்க." "அதுல வெந்நீர் இருக்கு." "எடுங்கய்யா. வயித்தையும் எடுங்க." நான் பிடுங்கினேன், மூடி கழன்று உள்ளங்கையில் வெந்நீர் கொட்டியது, வயிற்றை முதுகெலும்பு வரைக்கும் எக்கிக்கொண்டேன், ஸ்டியரிங் சடாரென்று வந்து இடித்தது, இன்ஜின் அலறியது, மாடுகளின் முதுகு எனக்கு அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது, ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளைப்பொட்டு. சாலட் பாத்திரம் நெமேசியோவின் தலையில். அந்த நிமிஷம்தான் அதுவரை ஊமையாக இருந்த ரேடியோ உயிர் பெற்றது. ஒரு பத்துப் பேர் ஒரே குரலில் கத்துகிறார்கள்: "மாடு, மாடு, மாடு இருக்கு, டெல்ஃபினா..." அதற்கப்புறம் யாரோ ஒருவர் மெதுவாக, "அது கிடக்கட்டும், அந்த ஆளுக்கு என்ன பதில் சொன்னே?"

அக்கா, கொம்பில் இருந்த சிவப்புப் பொத்தான் ரேடியோவில் பேசுகிற பொத்தான். என் ஃபிளாஸ்க் அதை அழுத்திக்கொண்டே நின்றிருக்கிறது. அது அழுந்தியிருக்கிற வரைக்கும் நாங்கள் பேசுவது கீழே கேட்கும், கீழே கத்துவது எங்களுக்குக் கேட்காது. அந்தக் கிளப்பில் எத்தனை தட்டு வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அடுப்பு பக்கத்திலேயே ரேடியோவை வைத்திருப்பார்களாம். என் வயசு, என் குறட்டை, என் கேள்வி எல்லாவற்றையும் ஒரு ஊரே விலா எலும்பைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறது. டெல்ஃபினா ஒரு சுற்று தாழப் பறந்து மாடுகளை விரட்டிவிட்டு இரண்டாம் தடவை பூப்போல இறக்கினாள். நாங்கள் வெளியே வந்தபோது ஆளுக்கொரு தட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வாயைத் திறக்காமல் நிற்கிறார்கள். சர்ச்சில்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை. முதல்முறை பறந்தவன் தலையில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டுவது இவர்கள் வழக்கம். டெல்ஃபினாதான் கொட்டினாள். பிறகு என் கையைப் பார்த்து, பையிலிருந்து மாட்டுக் களிம்பை எடுத்துத் தடவினாள். பதில் சொல்லவில்லை. சிரிலோ அண்ணன் என்று அடுப்பைப் பார்த்துக்கொள்கிற ஒருவர், "அம்மா, கறி கருகுது, ஒரு வார்த்தை சொல்லிட்டா நாங்க திருப்பிப் போட்டுக்குவோம்" என்றார். அவள் போய்த் தானே கறியைத் திருப்பிப் போட்டாள்.

இதற்கு மேல் எழுதத்தான் கை வரவில்லை. சாப்பாடு முடிந்து திரும்பும் நேரம். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் கால் நகரவில்லை அக்கா. வெள்ளைப்பொட்டு மாடுதான் கண்ணுக்குள் நின்றது. சிரிலோ அண்ணன் லாரி அந்தப் பக்கம்தான் போகிறது, நான் அதில் வருகிறேன், உங்களுக்குப் பாரம் குறையும் என்று ஏதோ உளறினேன். "சரி" என்று மட்டும் சொன்னாள். விமானம் ஓடியது, எழுந்தது. நான் ஓடுபாதை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது ஒரு கை மேலே போய் ஆடுவதைப் பார்த்தேன். யார் கையடா என்று பார்த்தால் என் கை. சட்டென்று கீழே இறக்கினேன். ஆனால் அவள் பார்த்துவிட்டாள், கண்ணாடி வழியாக இந்தப் பக்கம் திரும்பினது எனக்குத் தெரிந்தது. லாரியில் வீடு வரைக்கும் சிரிலோ அண்ணன் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார், ஒன்றும் காதில் விழவில்லை.

ஆகவே, அன்புள்ள அக்கா, நீ சொன்னது எல்லாம் சரி. நான் தரையில் நிற்கப் பிறந்தவன். நாளைக்கு பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்று அவள் நெலிதாவிடம் சொல்லியிருக்கிறாளாம், நல்ல மனசு, அது மரியாதைக்காக. பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து வை, ஜன்னலைக் கோழிக்கூட்டுப் பக்கம் வை, வானத்தைப் பார்க்கிற பக்கம் வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய முட்டிவலிக்குப் பாதிக் களிம்பு மிச்சம் வைத்திருக்கிறேன். உன் வீட்டில் பால் பொங்க, உன் மாடுகள் பெருக, மாதா உன்னை எப்போதும் தரையிலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

இனி ஒருநாளும் பறக்காத உன் தம்பி,
காசிமிரோ.

பின்குறிப்பு: இன்று செவ்வாய்க்கிழமை. மேலே எழுதியதை எல்லாம் படித்திருப்பாய், அதை அப்படியே விட்டுவிடு. காலையில் டெல்ஃபினா பெட்டியை வேனில் ஏற்றினாள், பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பவில்லை, விமானத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "ஞாயித்துக்கிழமை நீங்க கையாட்டலை" என்றாள். ஆட்டினேன் என்றேன், எதற்குப் பொய். "இல்ல. வெந்நீர் பட்ட கை, எரிஞ்சுது, உதறினீங்க. நான் டாக்டர், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு என் கக்கத்திலிருந்து ஃபிளாஸ்க்கை உருவிப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள். நான் ஏறினேன். இரண்டு பேர் மட்டும். மேலே போய்த்தான் பதில் சொன்னாள், இந்தத் தடவை பொத்தானில் எதுவும் இல்லை என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். டிக்கெட்டை வீணாக்க மனசில்லாமல் பஸ் டிரைவரிடம் பேசி என் சீட்டில் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். பின்னறைக்குச் சுண்ணாம்பு வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை சால்ட்டோவில் இறங்கி எல்லை தாண்டிய முத்திரை குத்திக்கொண்டு உன் பண்ணைக்கு வருகிறோம். கிழக்கு மேய்ச்சல் வெளியில் மாடு ஒன்றுகூட இருக்கக்கூடாது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிய அத்தானின் வெள்ளைச் சட்டையை ஒரு கம்பத்தில் கட்டி வை. உன் எடை என்னவென்று அவள் கேட்பாள், உண்மையைச் சொல்லிவிடு. ஒரே ஒரு விஷயம் அக்கா, நாங்கள் இறங்கும்போது கீழே நின்று கையாட்டாதே. அவளுக்குப் பிடிக்காது.